மாமா காருக்கு மயில் கழுத்து நீலம்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு காரு இருந்துச்சாம். அந்தக் காருக்கு ஒரே ஒரு மாமா. அந்த மாமாவுக்கு ஒரே ஒரு மகள். அந்த மகளுக்கு ஒரே ஒரு முறைமாப்பிள்ளை. ராஜகுமாரன் எங்கேன்னு தேடாதீங்க அண்ணாச்சி, இந்தா உங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன். பேரு கோமதிநாயகம். வீட்டுல நாயகம்னு கூப்பிடுவாங்க. ஊரு ஆலங்குளம்.

சிரிக்காதீங்க. பஸ்ஸு தென்காசி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. நான் சத்தமாப் பேசுறவன் இல்லை, காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் குடுத்தீங்கன்னா போதும்.

மாமா பேரு ஆவுடையப்பன். எங்க அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. மார்க்கெட்டுல காய்கறி மண்டி வச்சிருக்கார். அவர் மகள் செண்பகதேவி, எங்களுக்குச் செண்பா. முறைப்படி எனக்குத்தான். இதுல கேள்வி என்ன இருக்கு? ஆனா மாமா கேட்டார். போன ஆனியில அம்மா தேங்காய், பழம் வாங்கிட்டுப் போய்ப் பேச்செடுத்தா. மாமா பழத்தை வாங்கி வச்சுக்கிட்டு, பேச்சை மட்டும் திருப்பிக் கொடுத்துட்டார்.

"எக்கா, உன் மகன் எதையாவது முழுசா முடிச்சிருக்கானா? டைப்ரைட்டிங் போனான், பாதி. செல்போன் ரிப்பேர் படிச்சான், அதுவும் பாதி. ஆடு வளர்க்கேன்னான், ஆடே பாதியாப் போச்சு. ஒரே ஒரு காரியத்தை முழுசா முடிச்சுக் காட்டட்டும். அன்னைக்குப் பேசுவோம்."

"என்ன காரியம்னு நீயே சொல்லு ஆவுடை."

மாமா வாசலைப் பார்த்தார். வாசல்ல காரு நின்னுச்சு.

பத்தொன்பது வருசத்துக் காரு அண்ணாச்சி. வாங்கும்போது சிவப்பாம். நான் பார்த்தது முதலா ரசத்துல ஊறின தக்காளித் தோல் நிறம். மேல் தகடு செதில் செதிலா உரிஞ்சு கிடக்கும். இடது பக்கக் கதவுல காளை முட்டின பள்ளம் ஒண்ணு, அதுல ஒரு சாப்பாட்டுத் தட்டை வைக்கலாம்.

"இதுக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சு நிறுத்தட்டும். வீட்டிலேயே. என் கண்ணு முன்னாடி"ன்னார் மாமா.

அவ்வளவுதானே! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு காரு, ஒரு டப்பா பெயிண்ட், எனக்குக் கல்யாணம். அன்னைக்கே நிறமும் முடிவு பண்ணிட்டேன், மயில் கழுத்து நீலம்.

பட்டறை வச்சிருக்கிற தாவீது அண்ணாச்சிகிட்ட ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. காருக்குப் பெயிண்ட் அடிக்க அவரை விட்டா ஆள் கிடையாது. அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

"தாலி கட்ட ஒரு நிமிசம்டே. அதுக்கு முந்தி எத்தனை வருச அலைச்சல்? பெயிண்டும் அப்படித்தான். அடிக்கிறது ஒரு மணி நேர வேலை. அதுக்கு முந்தின தேய்ப்பும் பூச்சும் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை நீ பாரு. சனிக்கிழமை மத்தியானம் நான் மிஷினைத் தூக்கிட்டு வந்து அடிச்சுட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை எனக்குக் கோயில்."

திங்கக்கிழமை ராகுகாலம் ஏழரைக்கு. அது கழியட்டும்னு ஒன்பதேகாலுக்குப் போனேன். பார்த்தா செண்பா ஆறு மணிக்கே எந்திரிச்சு, சோப்புத் தண்ணி விட்டுக் காரைக் கழுவி, தகரக் கொட்டகைக்குள்ள தள்ளி நிறுத்தி வச்சிருக்கா. பாவம், பொழுது போகாத பிள்ளை. பி.காம் முடிச்சுட்டு வீட்டுல இருக்கா. கோயம்புத்தூர்ல காருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிக்குடுக்கிற படிப்பு ஒண்ணு இருக்காம், ஒன்பது மாசமாம், அதுக்குப் போகணும்னு ஒரு வருசமா ஒத்தக்கால்ல நின்னா. மாமா முடியவே முடியாதுன்னுட்டார். நானும் சொன்னேன், உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்னு. அதுல ஒண்ணும் இல்லை, விடுங்க. நம்ம காரைச் சொல்லுதேன்.

கழட்டுற வேலையை நான் எடுத்துக்கிட்டேன். பம்பர், விளக்கு, கைப்பிடி, எல்லாம் அரை நாள்ல கழட்டி எறிஞ்சேன். நட்டு, ஸ்குரூ அத்தனையும் ஒரு பவுடர் டப்பாவுல போட்டுக் குலுக்கினேன். நல்ல சத்தம்.

"அத்தான், எது எங்கன உள்ளதுன்னு பின்னால எப்படித் தெரியும்?"

"மாட்டும்போது தெரிஞ்சிரும் பிள்ளே."

அவ அதைத் தரையில கொட்டினா. ஒவ்வொண்ணாப் பொறுக்கி, சின்னச் சின்னப் பாக்கெட்டுல போட்டு, 'பின் விளக்கு இடது', 'முன் பம்பர் மேல்'னு எழுதி ஒட்டிக்கிட்டு இருந்தா, சாயந்தரம் வரைக்கும். சின்ன வயசுல சொப்பு வச்சு விளையாடுவா. அந்தப் பழக்கம் இன்னும் போகலை பார்த்துக்கிடுங்க.

மறுநாள் பட்டி பூசுறது. பள்ளத்தை நிரப்புற மாவு அது. அதோட சிவப்பா ஒரு பசையைக் கொஞ்சம் கலந்தா இறுகும். பட்டாணி அளவு போடணும்னாங்க. பட்டாணி போட்டா என்னைக்கு இறுகி என்னைக்குக் கல்யாணம்? நான் நெல்லிக்காய் அளவு போட்டேன். குழைச்சு எடுத்துக்கிட்டுக் கதவுகிட்ட நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள, குழைச்ச தகட்டோட பிடிச்சுப் பாறையாப் போச்சு! பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன். அந்தத் தகடு இப்ப எங்க வீட்டுக் கதவுக்கு அண்டக் குடுத்திருக்கு.

அதே டப்பாவுல இருந்து செண்பா எடுத்துக் குழைச்சது மட்டும் வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. டப்பாவோட அடியில இருந்தது நல்ல சரக்கு போல.

அப்பத்தான் நான் ஒரு முடிவு பண்ணினேன். பெரிய மனசோட பண்ணின முடிவு. பெருமைக்குச் சொல்லலை. "செண்பா, நீ ஆசைப்படுதே. காரை ரெண்டாப் பிரிச்சுக்கிடுவோம். வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் உனக்கு"ன்னேன். ஆணுக்கு வலதுதானே அண்ணாச்சி, சாஸ்திரம். காளை முட்டின பள்ளம் இடது பக்கம் இருந்துச்சுன்னா அதுக்கு நான் என்ன செய்ய?

"சரி அத்தான்"னா. மறுபேச்சு இல்லை. அப்படி ஒரு அடக்கம்.

புதனும் வியாழனும் தேய்ப்பு. வாட்டர் பேப்பர்னு ஒண்ணு இருக்கு. உப்புத்தாள்னு சொல்லுவோம்ல, அதுல தண்ணியைத் தொட்டுத் தேய்க்கிற சாதி. முதல்ல முரட்டு நம்பர், அப்புறம் நைஸ் நம்பர். தேய்க்கத் தேய்க்க ஒரு சிவப்புக் குழம்பு வழியும். என் பக்கத்துல நான் பாட்டுப் பாடிக்கிட்டே தேய்ச்சேன். நடுவுல நடுவுல போய் அத்தைகிட்ட காப்பி குடிச்சேன். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடணும்னு மனசுக்குள்ள ஒரு பட்டியல் ஓடுச்சு. பந்திக்குச் சொதி வைக்கணுமா, வேண்டாமா? கை அது பாட்டுக்கு ஓடும், மனசு பந்தியில நிக்கும். அப்படி ஒரு சந்தோசம் அண்ணாச்சி, காலு தரையில பாவலை.

செண்பா என்ன செஞ்சா தெரியுமா? அடுப்புக்கரியைப் பொடிச்சுக் கதவு பூராவும் பூசினா! நான் பதறிட்டேன். "என்ன பிள்ளே, வெள்ளாவி வைக்கிற நேரத்துல கரியைப் பூசுதே?"ன்னேன். அவ தலை நிமிரலை. பூசினதை மறுபடி தேய்ச்சு எடுத்தா. மறுபடி பூசினா. கண்ணை வேற மூடிக்கிட்டு, உள்ளங்கையால கதவை மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பா, காய்ச்சல்காரப் பிள்ளை நெத்தியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. எனக்குப் புரிஞ்சுபோச்சு. திருஷ்டி கழிக்கிறா. நம்ம காரியம் நல்லபடியா முடியணும்னு அவளுக்கும் இருக்கும்ல?

வியாழன் சாயந்தரம் தாவீது அண்ணாச்சி வந்து முதல் பூச்சு, பிரைமர், அடிச்சுட்டுப் போனார். போறப்ப இடது கதவுகிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் நின்னார். "இதுல ஒரு பள்ளம் இருந்துச்சே, எங்கடே?"ன்னார்.

"எல்லாம் தேய்ச்சாச்சு அண்ணாச்சி"ன்னு அடக்கமாச் சொன்னேன்.

அவர் போகும்போது ஒரே ஒரு விஷயத்தை ரெண்டு தடவை சொன்னார். "சனிக்கிழமை காலையில தின்னர் போட்டு முழுக்கத் துடைச்சிருங்க. துடைச்ச பிறகு ஒரு மனுசன் கை அதுல படக்கூடாது. கேட்டியா? கையில உள்ள எண்ணெய் போதும். அந்த இடத்துல பெயிண்ட் நிக்காது, விலகி ஓடி மீன் கண்ணு மாதிரி குழி விழுந்திரும். வாரம் பூராப் பட்ட பாடு வீணு."

விட்டுருவேனா நான்?

சனிக்கிழமை. நல்ல காரியத்துக்கு நிக்கப் போறோம். ஆம்பளைக்குச் சனிக்கிழமைதானே எண்ணெய்க் குளி. அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊத்தி, உச்சந்தலையில ஒரு கரண்டி, முழங்கைக்கு ஒரு கரண்டி, சூடு பறக்கத் தேய்ச்சு விட்டா. சீயக்காயை லேசாத்தான் போட்டேன். முழுக்கப் போயிட்டா முடி அடங்காது. காதோரம் கொஞ்சம் எண்ணெய் வடிஞ்சாத்தான் முகத்துக்கு ஒரு களை. அந்தக் களையோட, வெள்ளை வேட்டியில, கையில ஒரு புளியங்கம்போட, பத்து மணிக்குக் கொட்டகை வாசல்ல போய் உக்காந்தேன். செண்பா துடைச்சு முடிச்சுட்டுக் குளிக்கப் போயிட்டா.

அண்ணாச்சி, எல்லைச்சாமி தோத்துச்சு போங்க! பால்காரர் எட்டிப் பார்த்தார், கம்பை ஓங்கினேன். அத்தை வந்தா, "ஏட்டி, உள்ள போ"ன்னு என் வாய்ல வந்துருச்சு, அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். எங்க அம்மா திருநீத்துத் தட்டோட வந்தா, காருக்கு நெத்தியில பூசணும்னு.

"தொடாதே!"

"திருநீறுடே. எண்ணெயா?"

"எதுவும் படக்கூடாதுன்னுட்டார் தாவீது அண்ணாச்சி. தள்ளு."

"பெத்தவளைக் கம்பை வச்சு விரட்டுதியே, வெளங்குவியால நீ?"ன்னு திட்டிக்கிட்டே போனா. கடமைன்னு வந்துட்டா தாய் என்ன, தகப்பன் என்ன?

தெருவே திரண்டு வந்துச்சு. எல்லாருக்கும் தொட்டுப் பார்க்கணும். நம்ம சனங்களுக்குக் கண்ணு கையில இருக்கு அண்ணாச்சி. துணிக்கடையா இருந்தாலும் சரி, பொண்ணு வீட்டுச் சேலையா இருந்தாலும் சரி. "எப்பா, எவ்வளவு வழவழப்பா இருக்கும் போல!"ங்காங்க. பாவமாத்தான் இருந்துச்சு. "நீங்க தொடக்கூடாது. தள்ளி நில்லுங்க, நான் தொட்டுக் காட்டுதேன்"னு ஒவ்வொருத்தருக்கும் தடவிக் காட்டினேன். என் பக்கத்தைத்தான். செண்பா பக்கத்தை நான் எதுக்குத் தொட, அது அவ உழைப்பு. காத்து அடிச்சு முடி நெத்தியில விழும், ஒரு கையால ஒதுக்கிக்கிடுவேன், மறுபடி அடுத்த ஆளுக்குக் காட்டுவேன். ஒரு முப்பது பேருக்காவது காட்டியிருப்பேன். ஆனா ஒருத்தன், ஒரே ஒருத்தன் விரல் படலை. சத்தியம்.

ரெண்டு மணிக்குத் தாவீது அண்ணாச்சி வந்தார். கண்ணாடி, சக்கரம் எல்லாத்தையும் செண்பா பேப்பர் ஒட்டி மறைச்சு வச்சிருந்தா. மிஷின் 'டபடப'ன்னு எழுந்துச்சு. முதல்ல இடது பக்கம். புஸ்ஸுனு ஒரு இழுப்பு... அண்ணாச்சி, என்னத்தைச் சொல்ல! மயில் வந்து உக்காந்துட்டு எந்திரிச்ச மாதிரி ஒரு நீலம். அத்தை கன்னத்துல கையை வச்சுட்டா. நான் வேட்டியை மடிச்சுக்கட்டி ஒரு ஆட்டம் போட்டேன், ஆமா, எல்லாருக்கும் முன்னாடிதான். சின்னப் பிள்ளைகள்லாம் கூட ஆடுச்சு.

அப்புறம் வலது பக்கம் வந்தார். அடிச்சார். நிறுத்தினார்.

நீலம் ஓடுது அண்ணாச்சி. நின்ன இடத்துல நிக்காம விலகி விலகி ஓடுது. குழி குழியா, வட்டம் வட்டமா. கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு உள்ளங்கை, அஞ்சு விரல். பக்கத்துல இன்னொண்ணு. கதவு பூரா, பின் பக்கம் பூரா, யாரோ ஆசி வழங்கிட்டுப் போன மாதிரி.

தாவீது அண்ணாச்சி மிஷினை அணைச்சார். "எண்ணெய்க் கை. யாருடே வச்சது?"

எனக்கு ரத்தம் கொதிச்சுது. நான் அதிர்ந்து பேசாத ஆளு, அன்னைக்குக் கத்திட்டேன். "யாரும் நகரக்கூடாது! எல்லாரும் கையை நீட்டுங்க!"

வரிசையா நிக்க வச்சேன். அத்தை, அம்மா, பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார், ஒருத்தரை விடலை. ஒவ்வொரு கையையும் பிடிச்சு, மூக்குகிட்ட கொண்டு வந்து மோந்து பார்த்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க. எல்லார் கையிலயும் நல்லெண்ணெய் வாசம்! அத்தனை பேர் கையிலயும்! வாத்தியார் கையில கூட! ஒரு தெருவே சேர்ந்து சதி பண்ணியிருக்கு அண்ணாச்சி.

செண்பா மட்டும் வரிசையில வரலை. தூரத்துல நின்னு என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. துப்பட்டாவை வாயில வச்சுக்கிட்டா. தோளு குலுங்குது. அழுதிருக்கா. எனக்காக.

அந்த நேரம் பார்த்து மாமா மண்டியில இருந்து வந்தார். செருப்பைக் கூடக் கழட்டலை. கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் காரைச் சுத்தினார். இடது பக்கம் போய் நின்னார். காளை முட்டின கதவுல அவர் முகம் தெரிஞ்சுது. மீசையைத் தடவிக்கிட்டார். தலையைச் சாய்ச்சு இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் வலது பக்கம் வந்தார்.

"இது என்னடே, அம்மை போட்டிருக்கு?"

"சதி மாமா."

"எந்தப் பக்கம் யாரு செஞ்சது?"

"இடது அவ, வலது நான். மேற்பார்வை முழுக்க நான்தான் மாமா." பொய் சொல்லக்கூடாதுல்லா?

மாமா தரையில சிந்திக் கிடந்த கரிப்பொடியைக் காலால காட்டினார். "இது எதுக்கு?"

"திருஷ்டிக்கு மாமா."

தாவீது அண்ணாச்சி சிரிச்சார் பாருங்க, தூணைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். மாமா மகளைப் பார்த்தார். அவ மெதுவாச் சொன்னா: "கரி பள்ளத்துல தங்கும்ப்பா. மேட்டுல நிக்காது. தேய்ச்ச பிறகு எங்கன கறுப்பு மிச்சம் இருக்கோ, அங்கன இன்னும் பள்ளம் இருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாததை அது காட்டிக் குடுத்துரும்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நானாப் படிச்சேன். கோயம்புத்தூர்ல முறையாச் சொல்லிக்குடுப்பாங்க. ஒரு வருசமா அதைத்தானே கேக்கேன்."

தாவீது அண்ணாச்சி குழாயைச் சுருட்டிக்கிட்டே சொன்னார்: "முதலாளி, முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த மாதிரி ஒரு கதவை என் பட்டறையிலருந்து நான் வெளிய அனுப்பினது இல்லை. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

மாமா மறுபடி இடது பக்கம் போனார். கதவுல முகத்தைப் பார்த்துக்கிட்டே கேட்டார்.

"தங்குறதுக்கு இடம் உண்டா?"

"ஹாஸ்டல் உண்டுப்பா."

"திங்கக்கிழமை போவோம். நானும் வாரேன், இடத்தைப் பார்க்கணும்."

செண்பா பேப்பரை உரிக்க ஆரம்பிச்சா.

எனக்கு வருத்தமான்னு கேக்கீங்களா? அட, நீங்க வேற! விஷயம் அதுக்கு அப்புறம்தான். மாமா என் தோளைத் தட்டினார். "மருமவனே, நீ பாதி முடிச்சிருக்கே. மீதியை முடி, பேசுவோம்"னார். மருமவனேன்னார் அண்ணாச்சி! பேசுவோம்னார்! இதுக்கு மேல பத்திரிகை அடிச்சா கையில குடுப்பார்?

அது ஆனி மாசம். இப்ப ஐப்பசி. வலது பக்கத்தை மூணு தடவை தேய்ச்சு அடிச்சாச்சு. மூணு தடவையும் நானே காவல். மூணு தடவையும் எவனோ கையை வச்சுட்டான். இன்னைக்கு வாட்டர் பேப்பர் வாங்கத்தான் தென்காசி போறேன். ஆலங்குளத்துக் கடையில தீர்ந்துபோச்சுங்கான்.

பாவூர்சத்திரம் தாண்டியாச்சா? அப்ப அன்னைக்குச் சாயந்தரத்தைச் சொல்லி முடிச்சுருதேன்.

தெரு சனம் ஒவ்வொண்ணாக் கலைஞ்சுது. வாத்தியார் கையைக் கழுவிட்டுப் போனார். தாவீது அண்ணாச்சி மிஷினை வண்டியில ஏத்திட்டுப் போனார். அம்மா என்கூடப் பேசாமலே போனா. மாமா காப்பி குடிக்க உள்ளே போனார், அத்தையும் போனா. கொட்டகையில நானும் செண்பாவும்தான். அவ உரிச்ச பேப்பரை எல்லாம் மடிச்சு அடுக்கினா. மடிச்சுக்கிட்டே சொன்னா:

"அத்தான், அடுத்த தடவை சனிக்கிழமை வச்சுக்கிடாதீங்க. வேற கிழமை பாருங்க."

"தாவீது அண்ணாச்சிக்குச் சனிக்கிழமைதானே ஒழியும்? அதோட, சனிக்கிழமைன்னா தலைக்குக் குளிச்சுச் சுத்தபத்தமா நிக்கலாம்."

"அதுக்குத்தான் அத்தான் சொல்லுதேன்."

சனிபகவான் பார்வை என் மேல படக்கூடாதுன்னு பயப்படுறா. நான் பதில் சொல்லுறதுக்குள்ள அவ எந்திரிச்சுட்டா. சுடிதார்ல ஒட்டின தூசியைத் தட்டிக்கிட்டு நடந்தா. ஒரு படி ஏறினா, ரெண்டு படி ஏறினா. வீட்டுக்குள்ள பார்த்து, "எப்பா, கோயம்புத்தூருக்கு முதல் பஸ்ஸு எத்தனை மணிக்குப்பா?"ன்னு கேட்டா. வழியனுப்ப வர்றவனுக்கு நேரம் தெரிய வேண்டாமா, அதுக்காகத்தான் எனக்குக் கேக்கிற மாதிரி அவ்வளவு சத்தமாக் கேட்டா. கேட்டுக்கிட்டே நடுவீட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, எங்கேயும் நிக்காமப் போயிட்டா.